குப்புறப் படுத்த அரைமணி

வாடிக்கையாளரின் இடது காதுக்குப் பின்னால் ஒரு பிடி முடியைச் சீப்பில் எடுத்துக் கத்தரியை வைத்த நேரத்தில்தான் சலூன்காரருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. முன்னாலும் குனிய முடியவில்லை, பின்னாலும் நிமிர முடியவில்லை. நாற்காலியில் இருந்தவர் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். கண்ணை மூடிக்கொண்டு தன் மருமகனைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தவர், கத்தரிச் சத்தம் நின்றதும் கண்ணைத் திறந்து கண்ணாடியில் பார்த்தார். கேள்விக்குறி மாதிரி ஒரு ஆள் தன் தலைக்கு மேல் வளைந்து நிற்பது தெரிந்ததும், மருமகனை அந்த இடத்திலேயே மன்னித்துவிட்டு எழுந்தார்.

"என்ன ஆச்சு மாஸ்டர்?"

"ஒன்னுமில்ல, நீங்க உக்காருங்க. பாதித் தலை பாக்கி இருக்கு."

"தலை எங்கயும் ஓடிடாது. மொதல்ல நீங்க உக்காருங்க."

டிரைவர் அவரைக் கைத்தாங்கலாகப் பிடித்துத் தன் நாற்காலியிலேயே உட்காரவைத்தார். முப்பது வருடமாக அந்த நாற்காலிக்குப் பின்னால் நின்றவர், அன்றுதான் அதில் உட்கார்ந்து கண்ணாடியைப் பார்த்தார். கண்ணாடிக்குள் இருந்த ஆள் அவ்வளவு நன்றாக இல்லை.

வலி புதிது இல்லை. எட்டு வருடத்துச் சொந்தம். இடுப்புக்கு பெல்ட் போட்டாயிற்று, ஸ்கேன் எடுத்தாயிற்று, ஊசி, மாத்திரை, பலகை மாதிரி ஒரு மெத்தை எல்லாம் ஆயிற்று. கடைசியாகப் பார்த்த எலும்பு டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்து, "நின்னு வேலை செய்யறவங்களுக்கு இது வர்றதுதான்" என்று சொல்லி, உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்க்கச் சொன்னார். உட்கார்ந்துகொண்டு எப்படி முடி வெட்டுவது என்று இவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. பாதித் தலையோடு நின்ற டிரைவர்தான் வழி சொன்னார். இருபது வருடம் கியர் போட்டுப் போட்டுப் போயிருந்த தன் இடுப்பை ஒரு சித்த வைத்தியர் சரிசெய்த கதையைச் சொல்லி முடித்துவிட்டுத்தான், மீதித் தலையை மறுநாள் வெட்டிக்கொள்வதாகச் சொல்லித் தொப்பி போட்டுக்கொண்டு போனார்.

வைத்தியர் முப்பத்தைந்து வயதுப் பெண். அவரைப் பார்க்க மாடிப்படி பதினெட்டு ஏற வேண்டும். இடுப்பு வலிக்காரர்களுக்கு மாடியிலா வைத்தியம் என்று சலூன்காரர் ஒவ்வொரு படியிலும் முனகிக்கொண்டே ஏறினார். மேலே கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்ற வைத்தியர், "நீங்க ஏறி வர்றதப் பாத்தே பாதி தெரிஞ்சுக்கிட்டேன் அண்ணா" என்றார். மீதிப் பாதிக்கு மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து நாடி பார்த்தார். நாடி பார்க்கும்போது கண்ணை மூடவில்லை, பெருமூச்சு விடவில்லை. அடுத்த வீட்டில் பேசுவதைச் சுவர் வழியாகக் கேட்பவர் போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்.

"வாதம் நல்லா ஏறிக் கெடக்கு. சரி பண்ணிடலாம். ஆனா நீங்களும் ஒத்துழைக்கணும்."

முதல் நாள் வயிற்றைச் சுத்தம் செய்யப் பேதி மருந்து. அப்புறம் காலையிலும் மாலையிலும் வெந்நீரில் சூரணம். புளிப்பு கூடாது, குளிர்ந்த தண்ணீர் கூடாது, பகல் தூக்கம் கூடாது. இதெல்லாம் அவரே செய்துகொள்ளக் கூடியது. கடைசியாகச் சொன்னதுதான் இரண்டு ஆள் வேலை. தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு, வெயில் இருக்கும்போதே குப்புறப் படுக்க வேண்டும். இடுப்பில் தைலம் தேய்த்து, பிறகு நொச்சி இலையை வதக்கித் துணியில் முடிந்து, சூடு ஆறும்வரை ஒற்றடம் கொடுக்க வேண்டும். அரைமணி நேரம் அசையக்கூடாது.

"போன் பக்கத்துலயே இருக்கக் கூடாது. வீட்டுல யாரு இருக்காங்க அண்ணா?"

"வீட்டம்மா இருக்காங்க."

"அவங்கள ஒரு நாள் கூட்டிட்டு வாங்க. எங்க அழுத்தணும், எங்க அழுத்தக் கூடாதுன்னு காட்டிக் குடுக்கறேன். ஒரு மண்டலம். நாப்பத்தெட்டு நாள். நடுவுல விட்டுடாதீங்க."

மனைவி சோபா உறை தைக்கும் பட்டறையில் வேலை செய்பவள். கெட்டித் துணியை ஊசிக்கு அடியில் தள்ளித் தள்ளி அவளுடைய கட்டைவிரல்கள் இரும்பாகியிருந்தன. வைத்தியர் சொல்லிக் கொடுத்ததை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். ஐந்து மணிக்குப் பட்டறையிலிருந்து வருவாள், கைகால் கழுவுவாள், இலையை வதக்குவாள். அவர் கடைக் கதவில் 'ஆறரைக்கு வருவேன்' என்று அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு இரண்டு தெரு நடந்து வந்து, கூடத்தில் பாயைப் போட்டுக் குப்புறப் படுப்பார். படுத்தால் ஃபிரிட்ஜுக்கு அடியில் இருக்கும் தூசி மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

முதல் ஐந்து நாள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பது அந்த வீட்டில் சண்டைக்கு அடையாளம் இல்லை, அது வழக்கம். மகள் படித்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போன பிறகு வீட்டில் பேச்சு இன்னும் குறைந்தது. கடையில் பகல் முழுக்கப் பேச்சிலேயே நிற்பவர் அவர். வீட்டுக்கு வந்தால் 'சாப்பாடு ஆச்சா', 'கேஸ் தீந்துடுச்சா' என்ற அளவில் முடித்துக்கொள்வார்.

ஆறாம் நாள் அவள் பேச ஆரம்பித்தாள். பட்டறையில் புதிதாக வந்த மேற்பார்வையாளர் தையல் அளவைத் தலைகீழாகப் படித்து, பதினாறு உறை வீணாகப் போன கதை. யாரும் அவரிடம் சொல்லவில்லையாம். எல்லோரும் தைத்துக்கொண்டே சிரித்தார்களாம். சலூன்காரருக்குச் சிரிப்பு வந்து இடுப்பு குலுங்கியது.

"ஆடாம படுங்க!" என்று முதுகில் ஒரு தட்டு தட்டினாள்.

அப்புறம் தினமும் ஏதாவது ஒன்று. பக்கத்து வீட்டுக்காரி கடன் வாங்கிப் போன பூத்தொட்டி, மகள் போனில் சொல்லாமல் மறைத்த காய்ச்சல், சின்ன வயதில் கிணற்றில் தவறவிட்ட கொலுசு. இருபத்தாறு வருடம் கூடவே இருந்தவளிடம் இவ்வளவு பேச்சு எங்கே இருந்தது என்று அவருக்கு ஆச்சரியம். ஆனால் தொழில்காரர் அல்லவா, காரணம் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. சலூன் நாற்காலியில் உட்கார்ந்தவன் பெற்ற தாயிடம் சொல்லாததையெல்லாம் சொல்வான். முகத்துக்கு நேரே பார்க்க வேண்டியதில்லை, பின்னால் நிற்கிற கைக்குச் சொன்னால் போதும். இங்கே அவர் முகம் தரையைப் பார்த்துக் கிடந்தது. அவள் பேசியது அவருடைய முதுகோடு.

பத்தொன்பதாம் நாள் அவள் சாதாரணமாகத்தான் ஆரம்பித்தாள்.

"கல்யாணமாகி மூணாவது வருஷம் நான் ஒரு நாள் வீட்ட விட்டுப் போனேன். ஒங்களுக்குத் தெரியாது."

"கடைக்கா?"

"இல்ல. போறதுக்குன்னே போனேன்."

ஒற்றட முடிச்சு இடுப்பின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கத்துக்கு மாறியது. அவருக்கு அந்தச் சூடு உறைக்கவே இல்லை.

அவர் கடையில் இரண்டாவது நாற்காலி வாங்கிப் போட்ட நாள் அது. காலையில் அவர் போனதும் பையில் நாலு துணியை எடுத்து வைத்தாள். வீட்டைப் பூட்டிச் சாவியை ஜன்னல் கட்டையில் வைத்தாள். பஸ் நிலையத்துக்குப் போய் நின்றாள். எங்கே போவது என்று அவளுக்கே தெரியவில்லை. பலகையில் கடைசியாக எழுதியிருந்த ஊருக்கு டிக்கெட் வாங்கினாள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தாள். பக்கத்து சீட்டில் ஒரு அம்மாள் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், ஒன்றும் கேட்காமல் இரண்டு சுளையை இவள் கையில் வைத்தாள். இதைச் சொல்லவே மூன்று நாள் ஆயிற்று. ஒற்றடம் ஆறியதும் அன்றைய கதையும் ஆறிவிடும். அவள் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள்.

அந்த நாளை அவர் நினைத்து நினைத்துப் பார்த்தார். புது நாற்காலியின் சிவப்பு ரெக்சின் நினைவுக்கு வந்தது. அதில் முதலில் உட்கார்ந்தது யார் என்பது நினைவுக்கு வந்தது. அன்று ராத்திரி வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டதும் படுத்ததும் எல்லா ராத்திரியும் போலத்தான் இருந்தன. அவள் வீட்டில் இருந்தாள், சாப்பாடு போட்டாள். வித்தியாசமாக ஒன்றுமே அவர் கண்ணில் படவில்லை. அதை நினைக்க நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

இருபத்துநாலாம் நாள் அவரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "ஏன் போனே?" என்று கேட்டுவிட்டார். கேட்டதோடு நிற்காமல் கழுத்தைத் திருப்பி அவள் முகத்தைப் பார்த்தார். பேசிக்கொண்டிருக்கிறவனைக் குறுக்கே கேள்வி கேட்டால் அவன் வாயை மூடிக்கொள்வான் என்பது அவர் தொழிலில் முதல் பாடம். அதைச் சொந்த வீட்டில் மறந்தார். அவள் தைல பாட்டிலை மூடினாள். அன்றைக்கு ஒற்றடம் பாதியிலேயே முடிந்தது. மறுநாள் பேச்செல்லாம் பட்டறையைப் பற்றியும் தண்ணீர்க் குழாயைப் பற்றியும்தான்.

இருபத்தேழாம் நாள் கடையில் சீப்பு கீழே விழுந்தது. அவர் குனிந்து எடுத்தார். எடுத்து நிமிர்ந்து, அரை நிமிடம் கழித்துத்தான் தான் குனிந்ததே அவருக்குத் தெரிந்தது. கடையில் யாரும் இல்லை. சீப்பை மறுபடி கீழே போட்டு எடுத்துப் பார்த்தார். இடப்பக்கம் வளைந்தார், வலப்பக்கம் வளைந்தார். எட்டு வருடத்துச் சொந்தம் சொல்லிக்கொள்ளாமலே போயிருந்தது. ஒரு நிமிடம் தெருவே கேட்கிற மாதிரிக் கத்த வேண்டும் போல இருந்தது. அடுத்த நிமிடம் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். வலி போய்விட்டது என்றால் பாய் எதற்கு, தைலம் எதற்கு, ஐந்தரை மணி எதற்கு? அவள் ஏறிய பஸ் நிலையத்தை விட்டுக் கிளம்பியதா இல்லையா என்பதே அவருக்கு இன்னும் தெரியாது.

அன்று மாலை படுக்கும்போது கொஞ்சம் அதிகமாகவே முனகினார்.

முப்பதாம் நாள் வைத்தியர் நாடியைப் பிடித்தார். பிடித்தவர் வெகுநேரம் விடவில்லை.

"நாடி நல்லா இருக்கே அண்ணா. வலி எப்படி?"

"அப்படியேதான் இருக்கு டாக்டரம்மா."

"அப்படியேவா?"

"என்ன, ஒரு ஊசிமுனை அளவு கொறஞ்சிருக்கு."

வைத்தியர் அவரைப் பார்த்தார். சலூன்காரர் சுவரில் மாட்டியிருந்த மூலிகைப் படத்தைப் பார்த்தார். "நாடி ஒன்னு சொல்லுது, நீங்க ஒன்னு சொல்றீங்க. வலி ஒங்களோடது, நீங்க சொல்றதத்தான் நான் எடுத்துக்கணும்" என்றவர், சீட்டில் புதிதாக ஒரு வரி எழுதினார். இனிமேல் உப்பே கூடாது.

பொய்க்குக் கூலி உடனே கிடைத்தது. உப்பில்லாத கஞ்சி, உப்பில்லாத காய், உப்பில்லாத கீரை. இரண்டு நாளில் நாக்கு செத்துவிட்டது. அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அவள் தனக்கும் உப்புப் போட்டுக்கொள்ளவில்லை. "நீ எதுக்கு?" என்றதற்கு, "ஒரு வீட்டுல ரெண்டு சமையல் எவ பண்றது?" என்றாள். அவள் அந்தக் கீரையை மென்று விழுங்குவதைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்குச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வரும். நாளைக்குச் சொல்லலாம் என்று கஞ்சியோடு சேர்த்து விழுங்கிவிடுவார்.

முப்பத்துநாலாம் நாள் அவர் பொறுமைக்குப் பலன் கிடைத்தது. அவள் தானாகவே, "பஸ்ஸு கெளம்பிடுச்சு" என்றாள். எந்த பஸ் என்று அவர் கேட்கவில்லை, மூச்சைக்கூட மெதுவாக விட்டார். பஸ் ஊரைத் தாண்டியது. பெரிய பாலத்தில் ஏறியது. கீழே தண்ணீரில் யாரோ வெள்ளைத் துணியைப் பிழிந்துகொண்டிருந்தார்கள். அதற்குள் ஒற்றடம் ஆறிவிட்டது. அதன் பிறகு ஐந்தாறு நாள் அவள் வேறு எதையெதையோ பேசினாள். அவர் இடுப்பு பாயிலும் மனது பாலத்திலுமாகக் கிடந்தார்.

நாற்பதாம் நாள் வைத்தியரிடம் அவளும் கூட வந்தாள். பதினெட்டுப் படியையும் சலூன்காரர் கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறினார். வலிக்கிற மாதிரி ஏறுவது நிஜமாக வலிக்கும்போது ஏறியதைவிடக் கஷ்டமாக இருந்தது.

"எப்படி இருக்கு அண்ணா?"

"அப்படியேதான்."

வைத்தியர் அவள் பக்கம் திரும்பினார். "நீங்க எப்படிக்கா இருக்கீங்க?"

அவள் கூச்சத்தோடு வலது கையை மேசைமேல் நீட்டினாள். மணிக்கட்டு லேசாக வீங்கியிருந்தது. "பத்து நாளா கொஞ்சம் பிடிக்குது டாக்டர். பகல்ல மெஷின், சாயங்காலம் இது. அவருக்குச் சரியாகற வரைக்கும் ஓட்டிடலாம்னு இருந்தேன்."

சலூன்காரர் அந்த வீக்கத்தை அப்போதுதான் பார்த்தார். குப்புறப் படுத்துக் கிடந்தவருக்கு எப்படித் தெரியும்? மற்ற நேரத்தில் பார்த்திருக்கலாம்தான்.

"இனிமே நீங்க செய்ய வேண்டாம்கா" என்றார் வைத்தியர். "நாளையிலேருந்து அண்ணன் இங்க வரட்டும். தொக்கணம் போடறவர் ஒருத்தர் இருக்கார். அவரே தேச்சு அமுக்கி—"

"எனக்கு வலி இல்ல டாக்டரம்மா."

வைத்தியர் பேனாவைக் கீழே வைத்தார்.

"எத்தனை நாளா?" என்று கேட்டது வைத்தியர் இல்லை, அவள்.

"இருபத்தேழாவது நாள்லேருந்து."

வைத்தியருக்கு முதலில் நிம்மதிதான் வந்தது போலிருந்தது. நாடி பார்க்கத் தெரியாமல் போய்விட்டதோ என்று பத்து நாளாகக் குழம்பியிருக்கிறார் பாவம். "எதுக்கு அண்ணா மறைச்சீங்க?" என்றார். மனைவியை ஓரக்கண்ணால் பார்த்துச் சலூன்காரர் தலையைச் சொறிந்தார். அவள் கையை மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

தெருவில் அவள் விறுவிறுவென்று முன்னால் போனாள். அவர் பின்னாலேயே ஓட்டமும் நடையுமாகப் போனார். தெருமுனையில் அவள் நின்று திரும்பி, அவர் நடந்து வரும் அழகை மேலும் கீழும் பார்த்தாள்.

"என்னமா நடக்கறீங்க! நோகாம அமுக்கிவிட ஒருத்தி கெடச்சான்னு படுத்துக் கெடந்தீங்களா? பத்து நாள் உப்பில்லாமத் தின்னேங்க நான்."

"அதுக்கில்ல..."

"பேசாதீங்க."

பேசவில்லை. மூன்று நாள் பேசவில்லை. இந்தத் தடவை அது வழக்கம் இல்லை, சண்டைதான். சாப்பாட்டில் உப்பு திரும்பி வந்தது, தேவைக்கு மேலேயே வந்தது. அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் தண்ணீர் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார். ஐந்தரை மணிக்குக் கடைக் கதவில் அட்டை தொங்கவில்லை. டிரைவர் வந்து உட்கார்ந்து, "பாத்தீங்களா, சொன்னேன்ல, அந்த அம்மா கை பட்டா எப்பேர்ப்பட்ட இடுப்பும் எழுந்துரும்!" என்று சந்தோஷப்பட்டார். ஆமாம் ஆமாம் என்று வெட்டினார் சலூன்காரர். இடுப்பு அவருக்கு இருபது வயதுப் பையனுடையது போல வளைந்தது. ஐந்தரையிலிருந்து ஆறு வரை அவருக்கு இருப்பு கொள்ளவில்லை.

நாலாம் நாள் ஐந்தரைக்கு அட்டையைத் தொங்கவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனார். அவள் கூடத்தில் நாற்காலியில் உட்கார்ந்து இடது கையால் வலது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் அலமாரியிலிருந்து தைலத்தை எடுத்தார். சமையலறைக்குப் போய் அதைச் சுடவைத்துக்கொண்டு வந்து, அவள் காலடியில் தரையில் உட்கார்ந்து கையை நீட்டினார். அவள் உடனே கொடுக்கவில்லை. அவரும் நீட்டிய கையை மடக்கவில்லை. கடைசியில் கொடுத்தாள்.

முப்பது வருடம் தலைகளைப் பிடித்த கைக்கு மணிக்கட்டைப் பிடிக்கவும் தெரிந்தது. சுற்றிச் சுற்றித் தைலத்தைத் தேய்த்தார். அவள் ஜன்னலைப் பார்த்தாள், அவர் அவளுடைய விரல்களைப் பார்த்தார்.

"நீ பேசறதக் கேக்கத்தான் மறைச்சேன்" என்றார்.

"என்னது?"

"வலி போயிடுச்சுன்னு சொன்னா நீ பேசறத நிறுத்திடுவேன்னு பயமா இருந்துச்சு. வேற ஒன்னும் இல்ல. எனக்கு அந்த அரைமணி வேணும்."

அவள் ஜன்னலிலிருந்து கண்ணை எடுத்து அவர் உச்சந்தலையைப் பார்த்தாள். வெளியே யாரோ சைக்கிளை நிறுத்திப் பூட்டினார்கள்.

"வாயத் தொறந்து கேட்டிருக்கலாம்ல?"

"ஒரு தடவ கேட்டேன். நீ பாட்டில மூடிட்டே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டாள். அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்க்கவும் சிரிப்பும் நின்றது, அவள் பார்வை மறுபடி ஜன்னல் பக்கம் போய்விட்டது. கொஞ்ச நேரம் எதையோ சொல்ல வருவதும் உதட்டைக் கடிப்பதுமாக இருந்தாள்.

"அந்தப் பக்கம் திரும்பி உக்காருங்க" என்றாள்.

அவர் உட்கார்ந்தபடியே திரும்பினார். அவளுக்கு முதுகைக் காட்டி, சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். அவளுடைய கையை அவர் விடவில்லை, அதனால் அது அவர் தோள்மேல் வழிந்து முன்னால் வந்தது. மணிக்கட்டு அவர் நெஞ்சுக்கு நேரே இருந்தது. தேய்ப்பதைத் தொடர்ந்தார்.

"பாலம் தாண்டுனதும் டயர் பஞ்சர்" என்று அவர் தலைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "எல்லாரும் எறங்கி ரோட்டோரமா நின்னோம். அந்த ஆரஞ்சுக்கார அம்மா என்னக் கேட்டுச்சு, எங்கம்மா போறேன்னு. எனக்குத் தெரியலன்னு சொன்னேன். வீட்டுல சண்டையான்னு கேட்டுச்சு. சண்டையெல்லாம் இல்லம்மா, அவரு தங்கமான ஆளு, சண்டை போடக்கூட வாயத் தொறக்க மாட்டாருன்னு சொன்னேன். சொல்லும்போதே அழுக வந்துடுச்சு. ஊர்ல இருக்கற அத்தனை தலைகிட்டயும் பேசறாரு, எனக்குன்னு வரும்போது ஒரு வார்த்தைகூட மிச்சமில்லன்னு அந்த ரோட்டுல நின்னு அழுதேன். அந்தம்மாவும் ஒன்னும் சொல்லல. எம்பக்கத்துலயே நின்னுச்சு. அப்பத்தான் எதிர்ப்பக்கமா ஒரு பஸ் வந்துச்சு..."

அவருடைய கட்டைவிரல்கள் ஒரு கணம் நின்றன. திரும்ப வேண்டும் போல இருந்தது. திரும்பவில்லை. தோள்மேல் கிடந்த கை கனமாகவும் சூடாகவும் இருந்தது, விரல்நுனியிலிருந்து தைலம் அவர் சட்டையில் ஒரு சொட்டு விழுந்து பரவியது. அவர் இன்னும் கொஞ்சம் தைலத்தை ஊற்றிக்கொண்டு, வீங்கிய இடத்தை மெல்லச் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். சுவரில் சாயங்கால வெயில் ஒரு சாண் உயரத்துக்கு இன்னும் இருந்தது.